பழைய கோல்ட் ரிவால்வரை வாங்கலாமா?

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மாமாவின் கடையை இரவு பதினொன்றுக்கு நீங்கள்தான் பூட்டுகிறீர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்முடைய கோல்ட் (Colt) நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வரை விற்கிறார், அதைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த விசாவில் வந்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை.

எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கடைப் பாதுகாப்புக்கு அவற்றை நம்பி இறங்காதீர்கள். ‘டெக்சாஸில் 21 வயதானால் உரிமமே வேண்டாம்’ என்று பலரும் சொல்வார்கள். 2021 செப்டம்பர் முதல் அது உண்மைதான். ஆனால் அது மாநிலச் சட்டம். மத்தியத் தடையை நீக்காது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். அப்போதும், துப்பாக்கி தொடர்பான ஒரு தண்டனை உங்களை நாடு கடத்தப் போதுமானது. இங்கே பிறந்தவருக்கு அந்த ஆபத்து இல்லை, நமக்கு உண்டு.

அதனால், கட்டாயமில்லை என்றாலும் மாநில உரிமத்தை எடுத்துவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். அந்த மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. கடைக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவிலிருந்து 50 தோட்டாக்கள் சுட வேண்டும். நம் ஊரில் துப்பாக்கியை போலீஸ்காரர் இடுப்பிலும் வங்கிக் காவலாளி தோளிலும் மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பயிற்சி அவசியம்.

இனி அந்த ரிவால்வர். 1927-இல் வந்தது, 1986-இல் நிறுத்தினார்கள், 1993-இல் மீண்டும் கொஞ்ச காலம் செய்து 1995-இல் ஒரேயடியாக விட்டுவிட்டார்கள். இரண்டு அங்குலக் குழல், .38 ஸ்பெஷல் தோட்டா, எடை ஏறக்குறைய 600 கிராம். அந்த அளவிலான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வரில் ஐந்து தோட்டா, இதில் ஆறு. எஃகு உடல் என்பதால் உதைப்பு கையைக் கடிக்காது. நான் கையில் எடுத்த சிறிய ரிவால்வர்களில் இவ்வளவு அழகாக உள்ளங்கையில் அமர்ந்தது வேறில்லை.

அந்த அழகில் மயங்கித்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஒன்றை வாங்கினேன். மேற்பூச்சு கண்ணாடி போல் இருந்தது. பயிற்சிக் களத்தில் சுட்டபோது பக்கத்தில் நின்றவரின் கையில் ஈயத் துணுக்கு தெறித்தது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை குழலுக்கு நேராக வந்து நிற்கும் முன்பே, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. கோல்ட்டின் உள்வேலை நுணுக்கமானது. உருளையைத் தள்ளும் நெம்பு தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி ஐந்து மாதம் அலைந்தேன். 2017-இல் வந்த புதிய கோல்ட் கோப்ரா பார்வைக்கு இதன் தம்பி போல இருந்தாலும் உள்ளமைப்பு வேறு, உதிரிபாகம் பொருந்தாது.

ஆகவே பெரியவரின் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று இருமுறை உறுதிசெய்யுங்கள். மூடி, சுத்தியலை மெல்லப் பின்னிழுங்கள்; அது முழுதாக நிற்கும் முன் உருளை ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு விசையை அழுத்தி, விடாமல் பிடித்தபடி உருளையை அசையுங்கள். நல்ல கோல்ட்டில் அது பாறை போல் நிற்கும். ஆடினால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

சோதனையில் தேறினாலும் என் தீர்ப்பு இதுதான்: வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தினமும் இடுப்பில் சுமக்க வேண்டாம். முதல் துப்பாக்கியை வாரந்தோறும் சுட்டுப் பழக வேண்டும். பழுதானால் பாகம் கிடைக்க வேண்டும். இன்றும் தயாரிப்பில் உள்ள ரூகர் நிறுவனத்தின் எஸ்பி101 ரிவால்வர் போன்ற ஒன்றை அதற்கு எடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இரும்புப் பெட்டியை முதலில் வாங்குங்கள்.

தனியார் விற்பனைக்கு இங்கே வாங்குபவரின் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் உரிமம் பெற்ற கடை வழியாகவே கைமாற்றுங்கள். சோதனை முடிந்த தாள் பதிவில் இருக்கும். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பெரியவர் சம்மதித்தால் நானும் வந்து பார்க்கிறேன்.