தென்னந்தோப்புக்கு எந்த மினி டிராக்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு ஏக்கர் தென்னை. 25 அடிக்கு 25 அடி இடைவெளி. இரண்டு ஏக்கரில் நடுவரிசையில் கோகோ இருக்கிறது. 15 குதிரைத்திறன் வாங்கலாமா, 24 வாங்கலாமா? நால்சக்கர இயக்கம் அவசியமா? (ஆனைமலை வாசகர்)

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போங்கள். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி. அதற்குள் உழக்கூடாது, உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அங்கேதான். இரண்டு பக்கமும் 6 அடி போனால் 25 அடியில் மிச்சம் 13 அடி. அதன் நடுவே கோகோ நின்றால் ஒரு பக்கத்துக்கு ஆறரை அடி; கோகோவின் கிளை விரிவையும் கழித்தால் மூன்று, நான்கு அடிதான். அந்த இரண்டு ஏக்கரில் 4 அடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) நுழையாது. எந்த டிராக்டர் வாங்கினாலும் அங்கே பவர் வீடரும் (நடந்தபடி ஓட்டும் சிறு களையெடுப்பு இயந்திரம்) கைவேலையும்தான்.

ஆக டிராக்டருக்கு உள்ள வேலை மீதி இரண்டு ஏக்கர். அதிலும் 13 அடிப் பட்டைகள் மட்டும், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் மண். 4 அடி ரோட்டவேட்டர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், திருப்பும் நேரத்தையும் கழித்தால், மணிக்கு 60 சென்ட் ஓட்டும். ஒருமுறை உழ ஒன்றே முக்கால் மணி நேரம். ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என்று இரண்டு உழவு, குறுக்கு ஓட்டம், எரு ஏற்றுவது, மட்டை இழுப்பது எல்லாம் கூட்டினாலும் ஆண்டுக்கு 40 மணி நேரம் தாண்டாது.

இப்போது விலையைப் பாருங்கள். வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்த்து 6 லட்சம் என்று வைப்போம். பத்தாண்டில் பாதி மதிப்பு போனால் ஆண்டுத் தேய்மானம் 30,000. சராசரியாக முடங்கும் நாலரை லட்சத்துக்கு 9 சதவீத வட்டி 40,500. இரண்டையும் 40 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 1,760 ரூபாய். டீசல், ஓட்டுநர், சர்வீஸ் தனி. அதே வண்டி ஆண்டுக்கு 200 மணி ஓடினால் இது 350 ரூபாயாக இறங்கும். பக்கத்துத் தோப்புகளுக்கு வாடகைக்கு ஓட்ட ஆளும் மனமும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகைக்கு எடுப்பதுதான் உங்களுக்கு லாபம். விற்பனைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார், அதனால்தான் இவ்வளவு நீட்டினோம்.

வாங்குவதென்று முடிவானால் 24-தான். எஞ்சினில் சொல்லும் குதிரைத்திறனில் பிடிஓவுக்கு (கருவியைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் உள்ள சுழல்தண்டு) வருவது சுமார் 85 சதவீதம், 24-க்கு 20. ரோட்டவேட்டருக்கு அடிக்கு 5 குதிரைத்திறன் என்று வைத்தால் 4 அடிக்குச் சரியாக இருக்கும். 15-ல் 13-கூடத் தேறாது, இரண்டரை அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மட்டை தூளாக்கும் இயந்திரம் போடும் எண்ணம் இருந்தால், அதன் தகட்டில் எத்தனை பிடிஓ குதிரைத்திறன் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பல மாதிரிகள் மினி டிராக்டரின் சக்திக்கு மேல்.

நால்சக்கர இயக்கம் வேண்டும். மினி டிராக்டர் எடை குறைந்தது. பொலபொலப்பான மண்ணிலும் ஈரத்திலும் இருசக்கர இயக்கம் வழுக்கி நிற்கும். ஆனால் தார்ச்சாலை ஏறியதும் அதை விடுவித்துவிடுங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உருளும்படிதான் கியர் அமைத்திருப்பார்கள். மண் அதற்கு இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. முன் டயரும் பல்சக்கரமும் தேயும். இதே காரணத்தால்தான் முன் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றக்கூடாது.

கேள்வி: 22 குதிரைத்திறன் வண்டியில் ரோட்டவேட்டர் போட்டு ஆறு மாதத்தில் இரண்டு முறை பிடிஓ ஷாஃப்டின் கிராஸ் (மூட்டிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) உடைந்துவிட்டது. பொருள் மட்டமா?

பொருளைப் பழிப்பதற்கு முன் ஓட்டும் விதத்தைப் பாருங்கள். வரிசை முடிவில் பிடிஓவை நிறுத்தாமல் ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கித் திருப்பினால் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் மடங்கி, சுற்றுக்கு இரண்டு முறை கிராஸை உதைக்கும். கடகடவென்று சத்தம் வருகிறதா? அதுதான். திருப்பும்போது பிடிஓவை நிறுத்துங்கள், அல்லது கத்தி மண்ணைவிட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

அடுத்து, ஷாஃப்டைக் கழற்றிப் பூட்டும்போது நடுவிலுள்ள இரண்டு கவட்டையும் (கிராஸைப் பிடிக்கும் இரு கிளைத் துண்டு) ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று படுக்கையாக, ஒன்று நிமிர்ந்து நின்றால் அதிர்வு நிற்காது. நீளக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது புகுந்திருக்க வேண்டும். எட்டு மணி ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ்.

கேள்வி: பழைய மினி டிராக்டர் விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

சொல்லாமல் காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கியர் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவில் ஓடிய வண்டியில் அச்சு ஆயில் சீல் போவதால் இது அடிக்கடி வரும். ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடத்திலேயே இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் செலவு காத்திருக்கிறது. மீட்டர் 600 மணி காட்டும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணம்.

கேள்வி: மானியம் வாங்கிக்கொண்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விண்ணப்பிப்பதா?

விண்ணப்பம்தான் முதலில். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், கருவிக்கேற்ற உச்சவரம்போடு. உழவன் செயலியில் பதிந்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் அனுமதி வந்த பிறகே பணம் கட்டுங்கள். இந்த ஆண்டு டிராக்டருக்கு ஒதுக்கீடு உண்டா என்பதையும் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். விலைப்பட்டியல் வாங்கும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தானா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்திருக்கிறது.