மஞ்சளாகுற பபுளும் 85 மார்க்கும்

கேள்வி: சார், இங்க நியூஜெர்சில ஒரு யார்டு சேல்ல கென்னர் கம்பெனியோட ஸ்டார் வார்ஸ் பொம்மை ஒண்ணு பிரிக்காம அட்டையோடயே கிடைச்சுது, 1983-ல வந்த ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை அட்டை. பொம்மைய மூடியிருக்கற பிளாஸ்டிக் பபுள் லேசா மஞ்சளடிச்சிருக்கு. கிரேடிங் பண்ணி, அதாவது நிலைமைய பாத்து மார்க் போட வெச்சு, அக்ரிலிக் கேஸ்ல சீல் பண்ணி வாங்கிட்டா இதுக்கு மேல மஞ்சளாகாதுல்ல?

பதில்: ஆகும்ங்க. நிறைய பேர் ஏமாந்து போற இடம் இதுதான். ஏஎஃப்ஏ-னு பொம்மைங்களுக்கு கிரேடிங் பண்ற கம்பெனிக்காரங்க குடுக்குற மார்க் பொம்மை அன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கறதுக்கு மட்டும்தான், அட்டைக்கு தனியா பபுளுக்கு தனியா பொம்மைக்கு தனியான்னு பாத்துட்டு 100-க்கு ஒரு மார்க் போடுவாங்க, 75, 80, 85-க்கு வெள்ளி லேபிள், 90-ம் அதுக்கு மேலயும் தங்கம். பபுள் பிளாஸ்டிக் பழசாகி மஞ்சளாகறது உள்ளுக்குள்ளயே நடக்குற வேலை, வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும், கேஸ் அதை நிறுத்தாது. கேஸ் காப்பாத்தறது வேற விஷயங்கள, மூலை மடங்காம, பபுள் நசுங்காம, தூசி படாம.

யூவி, அதாவது புற ஊதாக்கதிர் தடுக்குற அக்ரிலிக்னு சொல்லி விக்கறாங்களே, அது பொய் இல்ல, ஆனா யூவி இல்லாத சாதா வெளிச்சமும் சாயத்த வெளுக்க வைக்கும். நான் ஒரு அட்டைய நல்ல கேஸ்ல போட்டு ஜன்னலுக்கு எதிர் ஷெல்ஃப்ல வெச்சிருந்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு வெளிய எடுத்து பாத்தா கேஸோட விளிம்பு மறைச்ச இடத்துல ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் சிவப்பு சிவப்பாவே இருக்கு, மிச்சமெல்லாம் செங்கல்பொடி கலர். இன்னைக்கும் அதை பாத்தா மனசு கஷ்டமாயிடும். அதனால முதல்ல வெயில் படாத சுவரா பாருங்க, கேஸெல்லாம் அப்புறம்.

அப்போ கிரேடிங்கே வேணாமான்னா, அப்படி இல்ல. 1978-ல வந்த, வினைல் பிளாஸ்டிக் அங்கி போட்ட ஜாவாங்கற ஸ்டார் வார்ஸ் கேரக்டர் பொம்மை மாதிரி அயிட்டம்னா கட்டாயம் பண்ணுங்க. அந்த வினைல் அங்கிய சீக்கிரமே துணிக்கு மாத்திட்டாங்க, அதனால ஒரிஜினல் ரொம்ப கம்மி, போலி அங்கி ஏகப்பட்டது சுத்துது, அங்க அசலா இல்லையான்னு பாக்கத் தெரிஞ்ச கண்ணுக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க. உங்க அயிட்டம் விக்கறதுக்கு இல்லன்னா ஒரு நல்ல ப்ளாஸ்டிக் கிளாம்ஷெல், அதாவது சிப்பி மாதிரி திறந்து மூடற டப்பா, போதும். அட்டைல பழைய விலை ஸ்டிக்கர் இருந்தா தயவுசெஞ்சு பிய்க்காதீங்க, அட்டைத்தோலும் சேந்து வந்துடும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கவும் வேணாம்.

கேள்வி: அட்டை இல்லாத பொம்மைங்க கை கால் எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. காத்துபுகாத டப்பால போட்டு வெச்சா சரியாகுமா?

பதில்: இன்னும் மோசமாகும். பிவிசிங்கற பிளாஸ்டிக்க மெத்துன்னு வெச்சிருக்கற எண்ணெய் மாதிரி பொருள் மெல்ல மெல்ல வெளிய வருது, அதுதான் அந்த பிசுபிசுப்பு, இறுக்கி மூடினா அது அங்கயே தங்கிடும். வெதுவெதுன்னு தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு மெல்ல கழுவி, நிழல்ல நல்லா காய வெச்சு, கொஞ்சம் காத்து போற அலமாரில வைங்க. ஆனா ஆர்2-டி2 ரோபோ பொம்மைய மட்டும் தண்ணில முக்கிடாதீங்க, உடம்ப சுத்தி ஒட்டியிருக்கறது ஸ்டிக்கர். தங்க கலர் ரோபோ சி-3பிஓவயும் அழுத்தி தேய்க்காதீங்க, அந்த தங்க பூச்சு ரொம்ப மெலிசு.

கேள்வி: அக்ரிலிக் கேஸ எதால துடைக்கறது?

பதில்: அமோனியா இருக்குற கண்ணாடி ஸ்ப்ரே கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது, ரெண்டும் தலைமுடி மாதிரி மெல்லிசு வெடிப்பு விட வைக்கும். முதல்ல தூசிய ஊதி விட்டுடுங்க, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால அழுத்தாம ஒரே பக்கமா இழுங்க. காய்ஞ்ச துணியால தூசியோட தேய்ச்சா அத்தனையும் கீறல்.