யுத்த காலத்துப் பட்டறைப் பயிற்சி: வாசகர் கேள்விகள்

எங்க தாத்தா யுத்த சமயத்துல ஏரோப்ளேன் பட்டறையில வேலை பழகினதாச் சொல்வார். நிஜமா இருக்குமா? (சூலூர்)

தாராளமாக இருக்கலாமுங்க. இரண்டாம் உலகப் போரில் சூலூர் விமான தளம் பிரிட்டிஷ் கடற்படை கையில் இருந்தது, கோவையில் விமானம் பழுதுபார்க்கும் இடமும் வைத்திருந்தார்கள். அதே சமயத்தில்தான் இந்திய அரசு இளவட்டங்களுக்கு ஃபிட்டர் (பாகங்களைப் பொருத்துபவர்), டர்னர் (லேத் மெஷினில் இரும்பைக் கடைபவர்) பயிற்சி கொடுத்தது. 1941 முதல், பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் பெவின் பெயரில் வந்த பெவின் திட்டத்தில் சிலரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிப் பழக்கினார்கள். பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்க, சான்றிதழ் கிடைத்தாலும் கிடைக்கும்.

என் பையன் ரெண்டு வருஷம் ஐடிஐ படிச்சும் லேத்துல தடுமாறுறான். யுத்த காலத்துல மட்டும் சில மாசத்துலயே எப்படி ஆளை எடுத்தாங்க? (பல்லடம்)

முழு டர்னராக யாரையும் ஆக்கவில்லை, அதுதான் சூட்சுமம். ஒருத்தனுக்கு ஒரே மெஷின், ஒரே ஜாப். அளவு பார்க்கக்கூட மைக்ரோமீட்டர் தேவையில்லை; கையில் ஒரு கேஜ், அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1940-இல் ஆரம்பித்த டிடபிள்யூஐ (தொழிற்சாலைக்குள்ளேயே பழக்கும் திட்டம்) பயிற்சியில் மேஸ்திரிகளுக்கு நாலே படி: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவனையே செய்ய விடு, அப்புறம் போய்ப் பார். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் வாத்தியார் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் கணக்கு. ஆகவே பையனைத் திட்டுவதற்கு முன்னால் யாரிடம் பழகினான் என்று கேளுங்க. ஆனால் அந்த ஒற்றை ஜாப் படிப்பு யுத்தத்துக்குத்தான் சரி, ஆர்டர் நின்றால் ஆளும் நிற்பான். மெஷின் டிராயிங் படிக்கத் தெரிந்தவனுக்குப் பம்புசெட் கம்பெனியிலும் வேலை உண்டு.

பொண்ணுங்களைச் சேர்த்தாங்களா? (ஈரோடு)

சேர்த்தார்கள், அம்மிணி. அமெரிக்காவில் வேலையில்லாத இளைஞர்களுக்காக 1935-இல் வந்த தேசிய இளைஞர் நிர்வாகம், போர் நெருங்கியதும் பட்டறைப் பயிற்சிக்கு மாறியது. பெண்களும் வெல்டிங் பழகினார்கள். 1943-இல் அதை மூடிவிட்டார்கள். நம்மூரில்தான் இன்னும் "பொண்ணுக்கு எதுக்கு லேத்து" என்கிறார்கள்.

பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல வேலை வாங்கித் தர்றதா ஒருத்தர் பணம் கேட்கிறார். (பெருந்துறை)

கொடுக்காதீங்க. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்காக 2019-இல் தொடங்கிய அந்த வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் எல்லாம் உண்டு, அது நிஜம். ஆனால் வேலை பழகும் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி கம்பெனிதான் உங்களுக்கு உதவித்தொகை தர வேண்டும். மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் நீங்களே பதியலாம், தம்பி, இடையில் ஆள் எதுக்கு?