அப்பாவின் நோக்கியா 1100: முதலில் எஸ்எம்எஸ், பிறகு திருத்தம்

கேள்வி: அப்பா பாவித்த நோக்கியா 1100 அலுமாரிக்குள் கிடந்தது. பற்றரி உப்பி, பின்மூடி பொருந்தாமல் நிற்கிறது. அதற்குள் அவருடைய எஸ்எம்எஸ்களும் நம்பர்களும் இருக்கின்றன. திரும்ப இயங்க வைக்கலாமா? இயங்கினால், கடலுக்குப் போகும் தம்பி கொண்டு போகலாமா?
– வாசகி, திருக்கடலூர், திருகோணமலை

பதில்: பெரும்பாலும் இயங்க வைக்கலாம். 2003இல் வந்த இந்த மாதிரி உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் எஸ்எம்எஸ்களை எடுத்து முடிக்கும்வரை வேறெந்தத் திருத்தத்துக்கும் போனைக் கொடுக்க வேண்டாம். கடைக்குக் கொண்டுபோனால் முதல் வார்த்தையாக “ப்ளாஷ் பண்ண வேண்டாம்” என்று சொல்லுங்கள். போன் ஒன் ஆகாவிட்டால் மென்பொருளைப் புதிதாக ஏற்றிப் பார்ப்பது திருத்துநர்களின் வழக்கம். முழுமையாக ஏற்றினால் உள்ளே சேமித்தவை அழிந்துபோகும்; பிறகு மீட்க வழியில்லை.

உப்பிய பற்றரியை இப்போதே கழற்றுங்கள். சார்ஜரில் போட்டுப் பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் மின்பகுபொருள் சிதைந்து வாயுவானதால்தான் அது உப்பியது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றலாம். உலர்ந்த மணல் போட்ட தகரப் பேணியில் வைத்து, தீப்பிடிக்கும் பொருட்களுக்குத் தள்ளி வையுங்கள். தொலைபேசி நிறுவனங்களின் சேவை நிலையங்கள் சிலவற்றில் மின்கழிவுப் பெட்டி உண்டு. விசாரித்து அங்கே சேர்த்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.

புதிய பற்றரியின் பெயர் பிஎல்-5சி. சின்ன எப்எம் ரேடியோக்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான் என்பதால் எங்கும் கிடைக்கும். போலியும் அதே அளவு கிடைக்கும். 1100 வந்த காலத்துப் பற்றரியின் கொள்ளளவு 850 எம்ஏஎச், பின்னால் வந்தது 1020 எம்ஏஎச். இந்த அளவுப் பெட்டிக்குள் அதைவிடப் பெரிதாக ஒன்றும் அடங்காது. 2000, 3000 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பற்றரியை வாங்காதீர்கள். இன்னொன்று: பற்றரியில் மூன்று தொடுமுனைகள் இருக்கும். ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு. மூன்றாவது, இது எந்த வகைப் பற்றரி என்று போனுக்குச் சொல்வதற்கு. மலிவுப் பற்றரி சிலவற்றில் அந்த மூன்றாவது முனை பெயருக்குத்தான் இருக்கும். ரேடியோ பாடும், போனோ சார்ஜ் ஏற மறுக்கும், அல்லது ஒன் ஆகவே ஆகாது. கடையிலேயே போனில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கு முன் போனின் தொடுமுனைகளைப் பாருங்கள். கடலோர வீட்டில் பல வருடம் கிடந்த போனில், பற்றரி தொடுகிற சிறு கம்பிகளின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக்காற்றின் ஈரம் தங்க முலாமின் துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் செம்பை அரித்த அடையாளம் அது. பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கேட்டு, மென்மையான பற்தூரிகையால் தொட்டுத் தேயுங்கள். போகாவிட்டால் பென்சில் அழிறப்பரால் மெதுவாக. உப்புத்தாள் வேண்டாம், மிஞ்சியிருக்கும் முலாமும் போய்விடும், அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பப் பூக்கும். துடைத்தபின் வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். அல்கஹோல் திரையில் படக்கூடாது.

சார்ஜரும் கவனம். 1100க்கு 3.5 மில்லிமீற்றர் தடித்த முனை. பிற்கால நோக்கியாக்களின் 2 மில்லிமீற்றர் மெல்லிய முனை இதில் தொடாது. தடித்ததாக மாற்றும் சிறு இணைப்பான் கடைகளில் உண்டு. புதுப் பற்றரி கடையில் நெடுநாள் கிடந்து அடியோடு இறங்கியிருந்தால், போட்டவுடன் திரையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். முழுதாக ஏற மூன்று, நான்கு மணி நேரமாகும்.

இப்போது உள்ளிருப்பதை எடுக்கும் வேலை. சிம் இல்லாமல் இந்தப் போன் மெனுவுக்குள் விடாது. அப்பாவின் பழைய சிம் கிடைத்தால் அதையே போடுங்கள். இணைப்புத் துண்டிக்கப்பட்ட சிம்மானாலும் பரவாயில்லை. சிக்னல் வராதே தவிர, அதில் சேமித்த நம்பர்களும் எஸ்எம்எஸ்களும் வாசிக்கக் கிடைக்கும். அந்தச் சிம்மைத்தான் முதலில் போட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்கால நோக்கியாக்களில் வேறு சிம்மைப் போட்டவுடன் கடைசியாக வந்த, போன அழைப்புகளின் பட்டியல் அழிந்துவிடும். வேறு சிம் போட்டால் பாதுகாப்புக் குறியீடும் கேட்கலாம். யாரும் மாற்றியிராவிட்டால் அது 12345. வேறு வழியில்லாமல் இன்றைய சின்ன நானோ சிம்மை, பழைய சிம் அளவுக்குப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துப் போடுவதானால், பின்புறம் மெல்லிய டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வெளியே எடுக்கும்போது சிம் கம்பிகள் சட்டத்தில் மாட்டி முறியும்.

நம்பர் பட்டியல் வெறுமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். போன் நினைவகம், சிம் நினைவகம் என்று இரண்டு உண்டு. அமைப்பில் மற்றதைத் தெரிவு செய்து பாருங்கள். போனில் 50 பெயர்கள்வரை இருக்கலாம். ‘காப்பி’ கொடுத்துச் சிம்முக்கு மாற்றலாம். எஸ்எம்எஸ்களை வெளியே அனுப்ப இதில் புளூடூத் இல்லை, அகச்சிவப்பும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, இன்னொரு போனால் படம் எடுப்பதுதான் வழி. பச்சை வெளிச்சம் அணையுமுன் எடுங்கள். அனுப்பியவர், திகதி, நேரம் காட்டும் விபரப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். இன்பொக்ஸ் மட்டுமல்ல, அனுப்பியவை, சேமித்தவை எல்லாவற்றையும் பாருங்கள். அவர் எழுதியது அங்கேதான் இருக்கும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் ஒரு நாளில் முடிகிற வேலை.

பொத்தான் ஏதும் அழுந்தாவிட்டால், படங்களை எடுத்தபின் டி6 டொர்க்ஸ் முறுக்கியால் திறந்து, கீபேட்டுக்கு அடியில் இருக்கும் உலோகக் குமிழ்த் தாளை மாற்றலாம். மலிவான பாகம்தான்.

கடலுக்குத் தம்பி கொண்டு போவது பற்றி. முதலில் கரையில் ஒரு சோதனை: அவருடைய சிம்மை வழமையான போனில் போட்டு, நெட்வேர்க் அமைப்பை ‘2ஜி மட்டும்’ என்று மாற்றி, இறங்குதுறையிலும் வீட்டிலும் அழைத்துப் பார்க்கட்டும். 1100க்குப் பழைய தலைமுறை நெட்வேர்க்கான 2ஜி மட்டுமே தெரியும். அங்கே கிடைக்காத சிக்னல் இதிலும் கிடைக்காது. கிடைத்தாலும், சாதாரண 2ஜி கோபுரம் 35 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள போனோடு பேசாது. சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும், அது போய்வரும் நேரத்துக்குக் கோபுரம் வைத்திருக்கும் கணக்கு அந்தத் தூரத்தோடு முடிகிறது. அது ஏறத்தாழ 19 கடல் மைல்.

இன்னொரு சிக்கலும் வரும். கோபுரம் தூரமாகும்போது போன் முழு வலுவில் அனுப்பும். அந்தக் கணத்தில் பற்றரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். சும்மா இருக்கையில் மூன்று, நான்கு கோடு காட்டும் தேய்ந்த பற்றரி, அழைப்பு எடுத்த நொடியில் சரிந்து போனை அணைத்துவிடும். கடலில் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். 1100இன் கீபேட் தூசிக்குத் தாங்கும், தண்ணீருக்குத் தாங்காது. ஆகவே தம்பிக்கு இது வேண்டாம். வோல்ட்டி வசதியுள்ள (4ஜியிலேயே அழைப்பு எடுக்கக்கூடிய) புதிய 4ஜி பொத்தான் போன் ஒன்றை வாங்கி, நீர்புகாப் பையில் போட்டுக் கொடுங்கள். வாங்குமுன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1909 இலக்கத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபாருங்கள். கரையிலிருந்து தொலைவுக்குப் போகிற படகுக்கு எந்தக் கைபேசியும் போதாது. படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் விஎச்எப் வானொலி வேண்டும், அபாய அழைப்புக்கு அதில் 16ஆம் சனல்.

அப்பாவின் போனைத் திரும்ப அலுமாரியில் வைப்பதானால், பற்றரியைப் பாதியளவு சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போனோடு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பற்றரியை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் பாதிவரை ஏற்றுங்கள். மேசையில் வைத்துச் சுண்டினால் சுழலும் அளவுக்கு நடுப்பகுதி மேடாகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.