இந்த பேப்பர் எதுக்கு ஆகும்? வாசகர் கேள்வி பதில்

வீட்டுலயும் கடையிலயும் புழங்குற பேப்பர் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். சேலம், ஏற்காடு பக்கத்துல இருந்து மட்டுமே ஒரு கட்டு வந்துடுச்சு. பேப்பர் வியாபாரத்துலயே தலை நரைச்சவன்ங்கிறதால பதில் சொல்ற வேலைய என் தலையில கட்டிட்டாங்க. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, பல பேருக்கு உதவுற மாதிரி இருந்ததை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அண்ணா, ஃபிரிட்ஜ் வாங்குன பில்லை பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சிருந்தேன். இப்ப ரிப்பேருன்னு எடுத்துப் பாத்தா வெறும் வெள்ளை பேப்பர். மட்டமான இங்க் போட்டு ஏமாத்திட்டாங்களா?
வாசகி, அம்மாபேட்டை

அதுல இங்க்கே கெடையாதும்மா. அந்த பில் மெஷின்ல இங்க் ஊத்துற எடமே இருக்காது. அது தெர்மல் பேப்பர், மேல ஒரு மருந்து பூசியிருப்பாங்க, மெஷினோட தலை சூடாகி எங்கெல்லாம் தொடுதோ அங்கெல்லாம் கறுக்கும், அதான் எழுத்து. உங்க கையில இருக்குறது தெர்மலான்னு பாக்கணும்னா நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க, உரசுற சூட்டுக்கே கறுப்புக் கோடு விழும்.

இப்புடி சூட்டுல வந்த எழுத்து வெளிச்சம், எண்ணெய், வெயில் இதுக்கெல்லாம் மங்கிப் போகும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா இன்னும் சீக்கிரம் போகும், கவரை மெதுவாக்குறதுக்கு சேக்குற எண்ணெய் மாதிரி சமாச்சாரம் பேப்பர்ல எறங்கிடும், நீங்க பத்திரம்னு நெனைச்சு செஞ்சதே எழுத்தைத் தின்னுடுச்சு. சில பேரு இன்னும் பத்திரமா லேமினேஷன் பண்ணக் கொண்டு போவாங்க, அந்த சூட்டுல மொத்த பில்லும் கரிக்கட்டையா வரும். வாங்குன அன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து பில்லோட பின் பண்ணுங்க, போன்லயும் ஒரு போட்டோ. அவ்வளவுதான் வைத்தியம்.

ஃபிரிட்ஜ் பில்லாவது போகட்டும், ஆஸ்பத்திரியில குடுக்குற ஈசிஜி சீட்டும், வயித்துல கொழந்தைய காட்டுற ஸ்கேன் படமும் பெரும்பாலும் இதே ஜாதி பேப்பர்தான். அஞ்சு வருஷம் கழிச்சு டாக்டர் பழைய ஈசிஜி இருக்கான்னு கேட்டா நீட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதையும் ஜெராக்ஸ் போட்டுடுங்க.

இன்னொண்ணு, அந்த மருந்துல பிஸ்பினால்னு உடம்புக்கு ஆகாத ஒரு ரசாயனம் சேர்றது உண்டு. ஐரோப்பாவுல 2020ல இருந்து பில் பேப்பர்ல பிஸ்பினால் ஏ போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துடுச்சு. கையில சானிடைசரோ கிரீமோ தடவிட்டு பில்லைத் தொட்டா அது தோல்ல இன்னும் சுலபமா ஏறும். கொழந்தைங்க வாயில வெச்சு சப்ப விடாதீங்க. பழைய பேப்பர் மூட்டையிலயும் போடாதீங்க, அந்த மருந்து மத்த நல்ல பேப்பரோட கலந்து திரும்ப அடுத்த பேப்பர்ல வந்து நிக்கும்.

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பேப்பர் கப்புலதான் டீ குடிக்கிறேன். பிளாஸ்டிக் இல்லைங்கிறதால நல்லதுதானே?
வாசகர், சூரமங்கலம்

குடிச்சு முடிச்ச கப்பை ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போடுங்க. காலையில விரலால உரிச்சா வெளிப்பக்கம் கூழா வந்துடும், உள்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு தனியா நிக்கும். அது பாலித்தீன், அது இல்லாட்டி டீ ஊத்துன கொஞ்ச நேரத்துல கப்பு உங்க சட்டையிலதான் இருக்கும். பேப்பருங்கிறது தண்ணியில ஊறிப் பிரியுற சாமான், அதுல சூடா ஊத்தியும் ஒழுகலைன்னாலே உள்ள வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

கரக்பூர் ஐஐடியில 2020ல இதை ஆராய்ச்சி பண்ணுனாங்க. சுடச்சுட 100 மில்லி ஊத்தி 15 நிமிஷம் வெச்சதுல கிட்டத்தட்ட 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் எறங்கியிருந்துச்சு. நீங்க 15 நிமிஷமா ஒரு டீய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்கன்னு நான் சொல்லலை, ஆனா பிளாஸ்டிக் இல்லைன்னு மட்டும் நெனைக்காதீங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து வந்த தடையிலயே இந்த பிளாஸ்டிக் பூசுன கப்பும் சேத்திதான், அப்புறமும் எப்புடி எல்லா கடையிலயும் அடுக்கி வெச்சிருக்காங்கன்னு என்னைக் கேட்டா நான் எங்க போறது. கண்ணாடி கிளாஸ்ல குடுங்கன்னு கேளுங்க, குடுப்பாங்க. டீயும் ருசியா இருக்கும்.

தட்டுவடை செட்டை நியூஸ் பேப்பர்ல வெச்சுக் குடுக்குறாங்க, சாப்புடலாமா?
வாசகர், குகை

செட்டு சாப்புடலாம், பேப்பர் வேண்டாம். எண்ணெய் பட்டா அச்சு மை கரையும், உங்க விரல்லயே கறுப்பா ஒட்டுமே அதேதான் வடையிலயும் ஒட்டுது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லயே எச்சரிச்சு, 2018 பேக்கேஜிங் விதியில நியூஸ் பேப்பர்ல சாப்பாட்டுப் பொருளை மடிக்கவே கூடாதுன்னு போட்டுட்டாங்க. அதுக்கு பதிலா வாழை இலைத் துண்டு, மந்தார இலை எதுல வெச்சுக் குடுத்தாலும் சரி. நம்ம ஊர் வீடுகள்ல மாங்காயை பேப்பர்ல சுத்திப் பழுக்க வெக்கிறது வேற கதை, அங்க எண்ணெயும் இல்ல, தோலை சீவிட்டுத்தான் சாப்புடுறோம். காய் விடுற எத்திலீன் வாயு வெளிய போகாம உள்ளயே தங்கி சேந்தாப்புல பழுக்கும். கார்பைடு கல்லு போட்டு பழுக்க வெக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல், அது சட்டப்படியும் குத்தம்.

செவ்வாப்பேட்டையில கொலுசு வாங்குனா ரோஸ் கலர் பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க. நான் வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுட்டு நியூஸ் பேப்பர்ல சுத்தி வெக்கிறேன், சீக்கிரம் கறுத்துடுது.
வாசகி, கொண்டலாம்பட்டி

பதிலை நீங்களே எழுதிட்டீங்க. வெள்ளிய கறுக்க வெக்கிறது கந்தகம், மட்டமான பேப்பர்லயும் ரப்பர் பேண்டுலயும் அது இருக்கும். அந்த ரோஸ் பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க, இல்லைன்னா சுத்தமான பருத்தித் துணி. ரப்பர் பேண்டு மட்டும் போடவே போடாதீங்க.

ஏற்காட்டுல தங்கும் விடுதி நடத்துறோம். மழை சீசன்ல பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிட்டே இருக்கு, அலமாரியில புஸ்தகமெல்லாம் பூசணம். சர்வீஸ் பண்ணியும் சரியாகல.
வாசகர், ஏற்காடு

பிரிண்டரை விடுங்க, அது பாவம். கீழ சேலத்துல வெயில்ல காய்ஞ்சு கெடந்த பேப்பர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி உங்க பனிக்குள்ள வந்ததும் ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். பேப்பர்ல இருக்குற நாரெல்லாம் ஒரே பக்கமாத்தான் படுத்திருக்கும், ஈரம் பட்டா நாரு நீளுறது கொஞ்சம், பருக்குறதுதான் ஜாஸ்தி, அதனால ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சு ஓரம் சுருளும், சுருண்ட தாளு மெஷின்ல போய் மாட்டும். 500 தாள் கட்டைப் பிரிச்சு அப்புடியே வெளிய வெக்காதீங்க, கட்டு சுத்தி வர்ற கவரு ஈரம் தாங்குறதுக்குன்னே செஞ்சது, அன்னிக்கு வேணுங்கிறதை மட்டும் உருவிட்டு மிச்சத்தை அதுலயே மூடி டப்பாவுல வைங்க. ராத்திரி டிரேயில விடாதீங்க.

புஸ்தக அலமாரி வெளிச்சுவத்தை ஒட்டி இருந்தா நாலு விரல் தள்ளிப் போடுங்க, காத்து போகணும். பூசணத்தை காய்ஞ்ச பிரஷ்ஷால வீட்டுக்கு வெளிய வெச்சுத் தட்டுங்க. வெயில் வந்துடுச்சேன்னு மொட்டை மாடியில பரத்திடாதீங்க, மட்டமான பேப்பர்ல லிக்னின்னு மரத்துல இருந்து வர்ற பொருள் ஜாஸ்தி, வெயில் பட்டா மஞ்சளாகி நொறுங்கும். நெழல்ல, காத்துல காய விடுங்க.

காலேஜ் புராஜெக்ட் ரிப்போர்ட் கூரியர்ல அனுப்பணும் அண்ணா, தராசு இல்லாம எடை தெரிஞ்சுக்க முடியுமா?
மாணவி, அஸ்தம்பட்டி

முடியும் கண்ணு. ஏ0ங்கிற பெரிய தாளோட பரப்பு 1 சதுர மீட்டர். அதைப் பாதி பாதியா நாலு தடவை மடிச்சு வெட்டுனா வர்றதுதான் ஏ4, அதாவது 16ல 1 பங்கு. கட்டு மேல 80 ஜிஎஸ்எம்னு போட்டிருந்தா சதுர மீட்டருக்கு 80 கிராம்னு அர்த்தம், 16ஆல வகுத்தா ஒரு தாள் 5 கிராம். 100 தாள்னா அரைக் கிலோ, ஸ்பைரல் பைண்டிங்குக்கும் அட்டைக்கும் தனியா கொஞ்சம் சேத்துக்க. 1922ல ஜெர்மனிக்காரங்க போட்ட கணக்கு இது, எத்தனை தடவை பாதியாக்குனாலும் நீள அகல விகிதம் மாறாது, அதனாலதான் ஏ3ஐ ஜெராக்ஸ்ல சுருக்குனா ஏ4ல ஓரம் வெட்டாம உக்காருது.

மரவள்ளிக் கெழங்கு மாவு பேப்பருக்கும் போகுதாமே, நெசமா?
விவசாயி, ஆத்தூர்

நெசந்தாங்க. ஜவ்வரிசி ஆகுற அதே ஸ்டார்ச்சுதான். வெறும் நார்க் கூழை மட்டும் வெச்சு தாள் செஞ்சா பேனா வெச்சதும் மை பரவும், பஞ்சு பஞ்சா எழும்பும், ஸ்டார்ச் பூசுனா மேல வழவழன்னு படிஞ்சு எழுத்து நிக்கும், தாளுக்கும் பலம். நமக்கு பக்கத்துலயே கரூர் காகிதபுரத்துல டிஎன்பிஎல்ங்கிற தமிழ்நாடு காகித ஆலை, காவிரிக்கரையில பள்ளிபாளையம்னு மில்லுங்க இருக்கு. டிஎன்பிஎல்ல கரும்புச் சக்கையில இருந்து கூழ் எடுக்குறாங்க.

500 ரூபா நோட்டு வாஷிங் மெஷின்ல போயிடுச்சு, ஆனா ஒண்ணும் ஆகல. இது என்ன பேப்பர்?
வாசகர், நாலு ரோடு

பஞ்சு. மரக்கூழ் கெடையாது, முழுக்க பருத்தி, அதான் தொவைச்சாலும் தாங்குது. நெழல்ல காய வெச்சு செலவு பண்ணுங்க, அயர்ன் பண்ணாதீங்க. ஓரம் கிழிஞ்சிருந்தா எந்த பேங்க் கிளையிலயும் மாத்திக்கலாம், கமிஷன் புரோக்கர்கிட்ட போய் நிக்காதீங்க.