பாலினாவும் லிஸ்மோரும் ஐரிஷ் பெயர்களா?

கேள்வி: என் மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பாலினாவில் இருக்கிறது. பக்கத்திலேயே லிஸ்மோர். இரண்டு பெயரிலும் அயர்லாந்தில் ஊர்கள் உண்டாம். பேத்திக்குப் பள்ளியில் ஊர்ப்பெயர்க் கட்டுரை. இரண்டும் அயர்லாந்துக்காரர்கள் வைத்த பெயர்கள் என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இரண்டுமே ஆளை ஏமாற்றும் பெயர்கள்.

லிஸ்மோர் என்றால் பெரிய அடைப்பு, பெரிய கோட்டை வளாகம். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் அப்படி ஓர் ஊர் இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகள் பக்கத்து லிஸ்மோர், 1845 வாக்கில் அங்கே ஆட்டுப்பண்ணை வைத்த வில்லியம் வில்சன் தம்பதியர் சூட்டியது. அவர்கள் நினைவில் இருந்தது ஸ்காட்லாந்தின் லிஸ்மோர் தீவு. ஸ்காட்டிஷ் கேலிக்கும் ஐரிஷும் உடன்பிறந்த மொழிகள் என்பதால் சொல் ஒன்றாகவே இருக்கிறது.

பாலினா இன்னும் சிக்கல். மேயோ மாவட்டத்துப் பாலினாவின் ஐரிஷ் பெயருக்கு 'ஆற்றுத்துறையின் வாய்' என்று பொருள். ஆஸ்திரேலியப் பாலினாவோ, அந்த மண்ணின் பண்ட்ஜலங் மக்கள் பேச்சில் 'புல்லினா' என்பதுபோல் ஒலித்த சொல்லிலிருந்து வந்தது; எழுதும்போது அயர்லாந்து ஊரின் எழுத்துக்கூட்டு அதில் ஏறிக்கொண்டது என்பதே பரவலான விளக்கம். விக்டோரியாவின் பாலரட்டும் இப்படித்தான்: 'பாலி' என்று தொடங்கும் ஐரிஷ் ஊர்களின் சாயல் தெரியும், ஆனால் அது முழுக்கப் பழங்குடிச் சொல்.

அதனால் முதலில் யார், எப்போது பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் புவியியல் பெயர்கள் வாரியத்தின் இணையத் தேடலில் பல ஊர்களுக்கு இது கிடைக்கும். அயர்லாந்துத் தொடர்பு உறுதியான பிறகே 'லோகானிம்' என்ற ஐரிஷ் இடப்பெயர்த் தரவுத்தளத்துக்குப் போங்கள். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்ல முடியாது. 'கில்' என்பது பெரும்பாலும் தேவாலயம், சில இடங்களில் காடு. 'பாலி' ஊராகவும் இருக்கலாம், மேயோவில் போல ஆற்றுத்துறை வாயாகவும் இருக்கலாம்.

பிரபுக்களின் பட்டம் வழியாகவும் பெயர் கடல் கடக்கும். அமெரிக்காவின் பால்டிமோர், கால்வர்ட் குடும்பத்தின் 'பால்டிமோர் பிரபு' என்ற பட்டத்திலிருந்து வந்தது. நம் சென்னையின் கன்னிமாரா நூலகமும் அந்த வகைதான்; மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரைப் பகுதி ஒன்றின் பெயர் இருக்கிறது.

சரி, கட்டுரைக்குக் கலப்பில்லாத ஐரிஷ் உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் இருக்கிறது. அதை நிறுவிய எட்வர்ட் பர்ட்டன் கிளீசன் தன் சொந்த மாவட்டத்தின் பெயரையே வைத்தார்.