முதல் முறை தோட்டம் போடப் போகிறேன், எந்த விதையை முதலில் வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள்.

பருவம் தொடங்கப் போகிறது, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இடமும் மேலே மொட்டை மாடியும் இருக்கிறது, முதலில் என்ன விதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "திட்டமெல்லாம் எதற்கு, கைராசி இருந்தால் தூவினதெல்லாம் முளைக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். பல வருடங்களாகக் கேட்டுச் சலித்த வரி அது.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும்தான் செடிப் பக்கம் வர முடியும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முழு நேரமும் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பதில் தேவைப்படாது.

விதைக்கு முன்னால் வெயிலை அளக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல் என்று பூத்துக் காய்க்கிற எதுவானாலும் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். முள்ளங்கி, பீட்ரூட் போன்றவை 4, 5 மணி நேர வெயிலில் சமாளித்துக்கொள்ளும். கீரையும் புதினாவும் 3, 4 மணி நேரத்திலேயே வந்துவிடும். இதில் பலரும் ஏமாறுவது வெளிச்சத்தைப் பார்த்துத்தான். நாள் முழுக்கப் பளிச்சென்று இருக்கிற இடத்தில் நேரடி வெயில் விழுவது 2 மணி நேரமாக இருக்கலாம். எதிர்ச் சுவர் வெளுப்பாக இருந்தால் இன்னும் ஏமாற்றும். அங்கே வைத்த தக்காளி நெடுநெடுவென்று வளரும், இலை தழைக்கும், காய் மட்டும் வராது.

மேகம் இல்லாத ஒரு விடுமுறை நாளில், காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணி வரை, மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள். மண் தரையாக இருந்தால் குச்சி நட்டால் போதும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பருவம் நகர நகரச் சூரியன் போகிற பாதையும் நகரும், சுவர் நிழல் இடம் மாறி விழும். அதற்காகத்தான் பொறுக்கச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது என் மாமனாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் வயலில் பிறந்து வளர்ந்தவர். வாசல் பக்கத்து இடத்தைத் தக்காளிக்கென்று ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், காற்றும் உண்டு. நான் தரையில் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மண்ணைத் தொடாமலேயே தோட்டம் போடப் போறியா?" என்று கேட்டார். "இல்ல மாமா, வெயில் எங்க எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்க்கிறேன்" என்றேன். "வெயிலை யாராவது அளப்பாங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல் பக்கம் 3 மணி நேரம்கூட முழுசாகத் தேறவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் நிழல் காலையிலேயே ஏறி, மத்தியானம் கொஞ்சம் விலகி, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அப்பால், யாருமே மதிக்காமல் உடைந்த வாளியும் பழைய சட்டமும் போட்டுவைத்திருந்த மூலையில் காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை வெயில் நகரவே இல்லை. தக்காளியும் கத்தரியும் அங்கே என்று முடிவு செய்தேன். வாசலுக்குக் கீரையும் கொத்தமல்லியும். இதைச் சொன்னபோது வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் மாமா, "சரி, உன் இஷ்டம்" என்றார். அந்த "சரி"யில் சம்மதம் குறைவு.

அந்த வருடம் பின்பக்க மூலையில் தக்காளி காய்த்த காய்ப்பை நான் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டுமென்றால், செடிக்கு ஊன்றியிருந்த கொம்பு பாரம் தாங்காமல் சாய்ந்து, இன்னொரு கொம்பு ஊன்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே விஷயம்: "உங்க மாமனார் கைராசியே கைராசி." அவரும் மறுத்துச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபம் இல்லை. வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

அவரிடம் கற்றதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெரியவரைக் குறை சொல்லவே எழுதினேன் என்று யாராவது கிளம்புவார்கள். மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்து ஈரம் சொல்வது அவரிடம் கற்றதுதான். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுத்தால் அன்று தண்ணீர் வேண்டாம். வெண்டையை நாற்று விட்டு நடாதே, ஆணிவேர் அடிபடும், நேரடியாக ஊன்று என்பார். நாற்றைச் சாயங்காலம் நடு, வெயிலில் நட்டால் வாடும் என்பார். விதையை அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காதே என்பார். எல்லாம் சரியான காரணம் உள்ள விஷயங்கள். இத்தனை காரணம் தெரிந்த மனிதரின் உழைப்பையும் ராசி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலுவலகத்திலும் இதே கதைதான். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு நேராக நின்றால் அது தானாக நின்றது. நிற்காவிட்டால் மட்டும் என் பெயர் ஞாபகம் வரும். ஒரு முறை, இரவு வரை உட்கார்ந்து நான் பிரித்து எடுத்த வித்தியாசத்தை, கூட்டத்தில் மேலதிகாரி "நல்லவேளை, அதிர்ஷ்டவசமாகக் கண்ணில் பட்டது" என்று சொன்னார். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இதை அனுபவித்தவர்களுக்குக் கைராசி என்று கேட்டதும் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெயில் தெரிந்த பிறகு நாள் கணக்கு. இதைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரவிலும் குளிராமல் இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். உறைபனி விழுகிற ஊராக இருந்தால் செடியே போய்விடும். ஆக, உங்கள் இடத்தில் அந்தக் கடுமையான வெப்பமோ குளிரோ எந்த வாரம் தொடங்கும் என்று முதலில் குறியுங்கள். விதையிலிருந்து நடுகிற அளவு நாற்று ஆக 4 முதல் 6 வாரம். நட்டதிலிருந்து பூக்க இன்னும் 4, 5 வாரம். பூத்துக் காய் பிடிக்க ஒரு மாதமாவது நல்ல வானிலை கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 12 முதல் 15 வாரம் வருகிறது. நாட்காட்டியில் அத்தனை வாரம் பின்னால் போனால் விதை போட வேண்டிய வாரம் கிடைக்கும். அந்த வாரம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தால், வளர்ந்த நாற்றாக வாங்கி நடுங்கள். அது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மிளகாயும் கத்தரியும் தக்காளியைவிட மெதுவாக எழும், இன்னும் முன்கூட்டியே போட வேண்டும். வெண்டை, ஊன்றி 45 முதல் 60 நாளில் பறிக்கக் கொடுக்கும், ஆனால் மண் சூடாக இருக்க வேண்டும். முள்ளங்கி ஒரு மாதம், ஒன்றரை மாதம். தண்டுக்கீரையை இளசாகப் பறிக்க 25, 30 நாள். இவற்றை மொத்தமாகத் தூவாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை என்று போட்டுக்கொண்டே போனால் ஒரே நாளில் கட்டுக் கட்டாக வந்து வீணாகாது.

பழைய விதை யாராவது கொடுத்தால் அதில் பத்து விதையை எடுத்து ஈரத் துணியில் சுற்றி, காய விடாமல் வையுங்கள். தக்காளியானால் 10 நாளுக்குள் எத்தனை முளைத்தது என்று பார்த்தால் போதும். ஐந்துக்கும் குறைவு என்றால் அந்தப் பொட்டலத்தை நம்பாதீர்கள். வெங்காய விதை ஒரு வருடத்திலேயே பலம் இழக்கும், தக்காளி விதை 4 வருடம்கூடத் தாங்கும். "எனக்கு மட்டும் முளைக்கவே மாட்டேங்குது" என்று அழுகிறவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது இறந்த விதையாக இருக்கும், ராசி பாவம் என்ன செய்யும்.

மண் இடத்தை நான்கடி அகலப் பாத்தியாகப் பிரியுங்கள், இரண்டு பக்கமும் நின்று நடு வரை கை எட்டும், உள்ளே மிதிக்க வேண்டாம். மக்கிய உரத்தை மேல் மண்ணோடு கலந்துவிடுங்கள். மக்காத சாணத்தைச் செடிக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள், வேரைச் சுடும். அதோடு, பச்சையாகத் தின்கிற காய்கறிக்கு அது கிருமி ஆபத்தும்கூட. நட்ட பிறகு காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். தண்ணீர் மிச்சம், களையும் குறைவு.

மாடியில் வைக்கிறீர்கள் என்றால் எடையை யோசியுங்கள். ஒரு தக்காளிச் செடிக்குக் குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவுள்ள பை வேண்டும். நனைந்த பிறகு அந்தப் பை 20 கிலோவுக்கு மேல் நிற்கும். வெறும் மண்ணாக நிரப்பினால் இன்னும் அதிகம், அதனால் மண், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவில் கலப்பது நல்லது. நார்க்கழிவைக் கழுவிய பிறகே கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். பைகளைச் சுவர் ஓரமாக, தூண்கள் இருக்கிற பக்கமாக வையுங்கள். தளத்தின் நடுவில் குவிக்காதீர்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் தரையில் சதுர மீட்டருக்கு வாரம் சுமார் 25 லிட்டர். வெயில் கூடினால் கூட்ட வேண்டும். பைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கோடையில் தினமும் பார்த்தாக வேண்டும். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று விட்டால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கும். அதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லி நூறு பேர் சொல்வார்கள். சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கிறது, தண்ணீர் சீராகக் கிடைக்காததால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாறுவதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிடும். இதற்கும் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

அடுத்த பருவத்தில் தக்காளி வைத்த இடத்தில் மறுபடி தக்காளியோ, கத்தரியோ, மிளகாயோ வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் மண்ணில் அப்படியே காத்திருக்கும். அங்கே அவரையோ வெண்டையோ போகட்டும் என்று யோசிக்கலாம், ஆனால் வேரில் முடிச்சுப் பார்த்திருந்தால் வெண்டையைத் தவிருங்கள், அதையும் அந்தப் புழு விடாது. எது எங்கே இருந்தது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து வைத்தால்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கும். என் நோட்டுகளை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. எனக்கு அவை போதும்.

இனி உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். வெயில் கணக்கு முடிந்ததும் தண்டுக்கீரை, முள்ளங்கி, வெண்டை மூன்றுக்கும் விதை வாங்குங்கள், மூன்றும் நேரடியாக விதைப்பவை, பார்த்துக்கொள்வதும் சுலபம். 6 மணி நேர வெயில் கிடைக்கிற மூலை இருந்தால் தக்காளி நாற்று நான்கு, இல்லையென்றால் வெண்டையையும் விட்டுவிடுங்கள். பாகல் போன்ற கொடி வகைகளை அடுத்த பருவத்துக்கு விடுங்கள், பந்தல் போட வேண்டும், ஆண் பூ பெண் பூ பார்த்துக் காலையில் கையால் மகரந்தம் சேர்க்கவும் சில நேரம் வேண்டியிருக்கும். முதல் முறைக்கு அது அதிகம். வெயில் 4 மணி நேரம்கூட இல்லை என்று தெரிந்தால் முள்ளங்கியையும் விட்டுவிட்டுக் கீரையும் புதினாவும் மட்டும் வையுங்கள்.